வெறும் வயிற்றோடு ரயில் ஏறாதீங்க, தம்பி

மியூனிக் வந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, எனக்கு நாலு வருஷமா அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வேலை விஷயமா மாசம் ரெண்டு தடவை ஃபிராங்க்ஃபர்ட் போகணும். போற நாளுக்கு முந்தின மத்தியானத்தோட சாப்பாட்டை நிறுத்திடறேன். டிசம்பர்ல சென்னை வேற போகணும். நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அந்த 'சாப்பாட்டை நிறுத்திடறேன்' என்ற இடத்தில் எனக்குத் திக்கென்றது. ஸ்டுட்கார்ட்டில் எனக்கு இது பதிமூன்றாவது வருஷம், பெருங்குடல் புண்ணாகிற இதே வியாதியோடு பதினோராவது. முதல் இரண்டு வருஷம் நானும் அதையேதான் செய்தேன்.

ஒரு நவம்பர் காலை, அலுவலக வேலையாக பெர்லினுக்குக் கிளம்பினேன். முந்தின நாள் மதியம் சாப்பிட்டதுதான். காலையில் ஒரு காபி, அதுவும் தூக்கம் கலைய. வண்டி நகர்ந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பெட்டியின் கழிப்பறைக் கதவில் 'டெஃபெக்ட்', அதாவது பழுது, என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். அடுத்த பெட்டியில் உள்ளே ஆள். அதற்கடுத்ததைத் தேடி நடக்கையில் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. வயிற்றில் ஒரு பருக்கை இல்லை; வந்தது முழுக்க ரத்தமும் சளியும். குழாயில் நூலாக வந்த தண்ணீரில் அலசிவிட்டு, ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீட் இருந்தும் மான்ஹைம் வரை வாசல் பக்கம் நின்றபடியே போனேன். அங்கே இறங்கி அடுத்த வண்டியில் வீடு திரும்பினேன். மேனேஜரிடம் காய்ச்சல் என்றேன்.

அடுத்த முறை என் டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒரு காகிதத்தில் குடலை வரைந்தே காட்டினார். இந்த அழற்சி மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உள்தோல் வழியாக மேலே ஏறுகிறது. புண்ணாகி வீங்கிய மலக்குடலுக்கு, தன்னிடம் வந்திருப்பது சாப்பாடா, சளியா, வெறும் காற்றா என்று பார்க்கும் நிதானம் கிடையாது. எது வந்தாலும் 'இப்பவே போ' என்று விரட்டும். பட்டினி கிடந்தால் அந்த விரட்டல் நிற்காது, தலைசுற்றல்தான் மிச்சம்.

ஆனால் நேரத்தை நம் பக்கம் திருப்பலாம். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது எல்லா மனிதருக்கும் உள்ளதுதான். காலையில் அது கூடுதல். எட்டு மணி வண்டி என்றால் நான் ஐந்துக்கு எழுந்துவிடுவேன். குழையக் குழைய வடித்த சோறு, உப்பு, ஒரு துளி நெய், அல்லது ரவை உப்புமா, கையளவு. அதன்பின் இரண்டு தடவை போய்வர மூன்று மணி நேரம் தாராளம். காபி, போய்ச் சேர்ந்த பிறகு. பையில் ஃபிளாஸ்க் நிறையக் கஞ்சி, ஒரு வாழைப்பழம், ஒரு பாக்கெட் ஸ்வீபாக். நம்ம ஊர் ரஸ்க்கின் அண்ணன்தான் அது. இங்கே பிள்ளைகளுக்கு வயிறு கெட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் முழுத்தானிய ரொட்டி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஸ்டேஷன் கடையின் பிரெட்ஸல் ஒத்துக்கொள்கிறது. உங்கள் வயிறு வேறு மாதிரி சொல்லலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கேட்கும்போது 'ஷ்டில்' என்று சொல்லி வாங்குங்கள், இல்லாவிட்டால் சோடாவைக் கொடுத்துவிடுவார்கள், வயிறு பலூன்தான்.

மியூனிக்கின் எஸ்-பான் என்ற புறநகர் வண்டிகளில் கழிப்பறையே கிடையாது, கவனித்தீர்களா? எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஏர்போர்ட் போக எஸ்-பானில் முக்கால் மணி நேரம் ஆகும் உங்களுக்கு. அதனால் ஏறுமுன் ஒரு தடவை போய்விட்டு ஏறுங்கள். ரீஜனல் வண்டிகளில் உண்டு. நான் இருபது நிமிஷம் தாமதமானாலும் ரீஜனலைத்தான் பார்ப்பேன். தூர வண்டியில் நடைபாதை ஓரத்துச் சீட், இரண்டு பக்கத்துக் கழிப்பறைக்கும் எட்டுகிற தூரத்தில். ஏறியதும் பெட்டியை மேலே வைக்கும் முன்னால், இரண்டும் திறக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். அன்று நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இனி சாவி. ஒய்ரோ-ஷ்லூஸல், அதாவது யூரோ சாவி என்பார்கள். 1986-ல் டார்ம்ஷ்டாட் நகரத்து மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று தொடங்கிய ஏற்பாடு. நெடுஞ்சாலை ஓய்விடங்கள், ஸ்டேஷன்கள், நகராட்சிக் கட்டடங்கள் என்று ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிக் கழிப்பறைகளை ஒரே சாவி திறக்கும்; ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும்கூட. கோலைட்டிஸ், அதைப்போன்ற இன்னொரு குடல் அழற்சியான குரோன் நோயாளிகளுக்கும் டாக்டர் சான்று இருந்தால் கொடுப்பார்கள். 'சக்கர நாற்காலிக்காரர்களின் இடத்தை நாம் பிடுங்குவதா' என்று நான் ஒரு வருஷம் விண்ணப்பிக்கவே இல்லை. வீண் கூச்சம். அந்த அறைகளின் பெரிய சௌகரியத்தை இங்கே யாரும் நமக்குச் சொல்லமாட்டார்கள்: கைகழுவும் தொட்டி உள்ளேயே இருக்கும். நாளுக்குப் பத்துத் தடவை காகிதத்தால் துடைத்துத் தோல் உரிந்து கிடப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம்மவர்களுக்குத்தான் தெரியும். சாவி எட்டாத இடத்துக்கு, தண்ணீரைப் பீய்ச்சும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்; 'போ-டூஷே' என்று கேட்டால் கிடைக்கும். ஊருக்குள் அலையும்போது கடை, ஹோட்டல் கதவுகளில் 'நெட்டே டாய்லெட்டே' ஸ்டிக்கர் தெரிந்தால் எதுவும் வாங்காமல் உள்ளே போகலாம். எங்களுக்குப் பக்கத்தில் ஆலன் நகரத்தில் பிறந்த யோசனை அது. மாற்று உடை ஒரு செட், ஜிப் கவரில், எப்போதும். வைத்திருந்தால் தேவைப்படுவதில்லை என்பது என் மூடநம்பிக்கை.

வேலை போய்விடுமோ என்ற பயம் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. விடுப்புச் சான்றில் முதலாளிக்கு நோயின் பெயர் போகாது. நீங்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கூடவே பயணம் செய்கிற ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். 'இஹ் ஹாபெ ஐனெ க்ரோனிஷெ டார்ம்-எர்க்ராங்குங்', நாள்பட்ட குடல் நோய் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். கழிப்பறை வரிசையில் இதைச் சொன்னால் பெரும்பாலும் வழி விடுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் குடலைப் பற்றிப் பேச நம்மைப்போலக் கூசுவதில்லை.

மருந்து பற்றி இரண்டே இரண்டு. இங்கே தலைவலி, முதுகுவலி எதற்கும் இபுப்ரோஃபேன்தான். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். அது நம் நோயைக் கிளப்பிவிடக்கூடும். பாரசிட்டமால் கேளுங்கள், பல் டாக்டரிடம்கூட. அடுத்தது லோபெரமைடு, பேதியை நிறுத்தும் மாத்திரை. பயணத்துக்கு அதுதான் கைகண்டது என்று யாராவது சொல்வார்கள். ரத்தம் போகும்போது, காய்ச்சல் இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். அழற்சி மும்முரமாக இருக்கையில் குடலைக் கட்டிப்போட்டால் அது ஆபத்தான அளவுக்கு வீங்கிப்போகலாம்.

சென்னைப் பயணம். எல்லா மருந்தும் கைப்பையில், ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. ஊசி போடுகிறவராக இருந்தால் குளிர்ப்பையும் கைப்பையோடுதான், சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து வீணாகலாம். டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தின் மூலப்பெயரோடு. நம் நோய்க்குக் கொடுக்கும் மருந்தை இங்கே மெசலசின் என்பார்கள், அதையே அங்கே சிலர் மெசலமைன் என்பார்கள், இரண்டும் ஒன்றே. அந்தக் கடிதத்தின் அருமை எனக்கு ஒரு விமான நிலையத்தில் புரிந்தது. பாதுகாப்புச் சோதனைக்காரர் என் எனிமா பாட்டிலை, நீளக் கழுத்தோடு, வரிசை முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து "இது என்ன, எப்படி உபயோகிப்பது?" என்றார். பேசாமல் கடிதத்தை நீட்டினேன். படித்தவருக்குக் காது சிவந்துவிட்டது. டிரேயில் மெதுவாக வைத்து, மேலே என் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திவிட்டார்.

விமானத்தில் ஆசிய சைவச் சாப்பாடு என்று பதிவு செய்யாதீர்கள், மசாலா தூக்கலாக இருக்கும். 'bland meal', அதாவது காரம் மசாலா இல்லாத சாப்பாடு இருக்கிறதா கேளுங்கள். இந்த நோய்க்காரர்களுக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் தூங்கிக்கொண்டே போகாமல் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கிறீர்கள் என்றால் டைஃபாய்டு தடுப்புக்கு மாத்திரை வேண்டாம், அது உயிருள்ள கிருமி, ஊசி உண்டு. ஜெர்மன் பொதுக் காப்பீடு இந்தியாவில் செல்லாது. தனிப் பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். அங்கே போய்ப் பேதியானால் உடனே 'வியாதி திரும்பிடுச்சு' என்று முடிவு கட்டாமல் முதலில் மலப் பரிசோதனை. வெறும் தொற்றாக இருக்கலாம், எனக்கு இரண்டு முறை அப்படித்தான்.

கொதிக்கவைத்த தண்ணீர், சூடான சாப்பாடு. பஃபே சாலட்டும் வெட்டிவைத்த பழமும் வேண்டாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. கஷ்டம் சொந்தக்காரர்கள்தான். 'அல்சர்' என்ற சொல்லைக் கேட்டதும் "நேரத்துக்குச் சாப்பிடாம கிடந்திருப்பே, அதான் வயித்துப்புண்ணு" என்று என் பெரியம்மா மணத்தக்காளி வத்தக்குழம்போடு வந்துவிட்டார். அது இரைப்பை, இது பெருங்குடல் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். இப்போதெல்லாம் விளக்குவதில்லை. "பெரியம்மா, தயிர்சாதம் குழைய வேணும், மோர்மிளகாய் வேண்டாம்" என்று முதல் நாளே வேலை கொடுத்துவிடுகிறேன். அவருக்கும் கை பரபரப்பு தீர்கிறது.

சாவிக்கான சான்றை இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், தபாலில் வரக் கொஞ்ச நாளாகும். அடுத்த ஃபிராங்க்ஃபர்ட் பயணம் என்றைக்கு, எத்தனை மணி வண்டி என்று எழுதுங்கள். அன்று காலை எத்தனை மணிக்கு என்ன சாப்பிடலாம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.