தென் கொரியா அமெரிக்கா பக்கமா, சீனா பக்கமா? தேர்வில் எப்படி எழுதுவது?

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆட்சி மாறினால் தென் கொரியாவின் வெளியுறவும் மாறுகிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கும் நாட்டைப் பற்றி முதன்மைத் தேர்வில் எப்படி விடை எழுதுவது?"

'யார் பக்கம்' என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். சோல், அதாவது தென் கொரிய அரசு, எந்த முடிவெடுத்தாலும் வட கொரியாவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். கொரியப் போரில் 1953 ஜூலையில் கையெழுத்தானது வெறும் போர்நிறுத்தம், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அதனால்தான் அதே அக்டோபரில் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் 28,500 அமெரிக்கப் படையினர் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். 1992-இல் தைவான் உறவை முறித்துக்கொண்டு சீனாவோடு கைகோத்ததற்கு வியாபாரம் ஒரு காரணம் என்றால், வடக்கை அடக்க பெய்ஜிங் உதவும் என்ற நம்பிக்கை இன்னொன்று.

ஒரே ஒரு உதாரணத்துக்குத்தான் இடம் இருக்கிறதென்றால் தாட் ஏவுகணைத் தடுப்பு விவகாரத்தை எழுதுங்கள். 2015 செப்டம்பரில் அதிபர் பார்க் குன் ஹே பெய்ஜிங் ராணுவ அணிவகுப்புக்கே போய் ஷி ஜின்பிங், புதினோடு நின்றார், வாஷிங்டனுக்கு அது பிடிக்கவில்லை. நாலே மாதத்தில் வட கொரியா அணுகுண்டு சோதனை நடத்தியபோது சீனாவிடம் எதிர்பார்த்த அளவு அழுத்தம் வரவில்லை. 2016 ஜூலையில் அதே பார்க் அரசு, அமெரிக்காவின் தாட் அமைப்பை நிறுவப்போவதாக அறிவித்தது. அதன் ரேடார் தன் எல்லைக்குள்ளும் பார்க்கும் என்று சீனா கொதித்தது. தென் கொரியாவின் சொங்ஜுவில் இருந்த தன் கோல்ஃப் மைதானத்தை அதற்குக் கொடுத்த கொரிய நிறுவனமான லோட்டே குழுமத்தின் கடைகள், தீயணைப்பு விதிமீறல் என்று சொல்லி சீனாவில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குழுச் சுற்றுலாவும் நின்றது, 2016-இல் 80 லட்சமாக இருந்த சீனப் பயணிகள் மறு ஆண்டு ஏறக்குறைய பாதியானார்கள். ஆனால் கொரிய சிப்புகளில் மட்டும் சீனா கை வைக்கவில்லை, ஏனென்றால் அது இல்லாமல் சீனத் தொழிற்சாலைகளே ஓடாது. இந்த ஒரு வரியை விடையில் சேருங்கள், பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அப்புறம், வலதுசாரி என்றால் அமெரிக்கா, முற்போக்கு என்றால் சீனா என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அணிவகுப்புக்குப் போன பார்க் வலதுசாரி. ஈராக்கிற்குப் படை அனுப்பியதும், 2007-இல் அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டதும் முற்போக்காளரான ரோ மூ ஹியூன் ஆட்சி. 2023-இல் கேம்ப் டேவிட் வரை போய் அமெரிக்கா, ஜப்பானோடு நெருங்கிய வலதுசாரி அதிபர் யூன் சுக் யோலும், சீனாவின் ஷியான் நகரிலுள்ள சாம்சங் சிப் ஆலைக்கும் வூஷியிலுள்ள எஸ்கே ஹைனிக்ஸ் சிப் ஆலைக்கும், சீனாவுக்குச் சிப் தயாரிப்புக் கருவிகள் அனுப்ப அமெரிக்கா போட்ட தடையிலிருந்து விலக்கு கேட்க வேண்டியிருந்தது.

வடக்கையும் இரண்டு வரி எழுதுங்கள். 1961 ஜூலையில் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் மாஸ்கோவோடும் பெய்ஜிங்கோடும் ஐந்து நாள் இடைவெளியில் ஒப்பந்தம் போட்டு இரண்டு பக்கமும் உதவி வாங்கினார். 2024 ஜூனில் பேரன் கிம் ஜோங் உன் புதினோடு புது ஒப்பந்தம் போட்டிருக்கிறார். வடக்குக்கு ரஷ்யா கைகொடுக்கும்போது அதன் மேல் சீனாவுக்கு இருக்கும் பிடி தளரும், பெய்ஜிங்கை அனுசரித்துப் போக சோலுக்கு இருந்த பெரிய காரணமும் பலவீனமாகும். விடையின் கடைசிப் பத்தியில் இதை வையுங்கள்.