ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாறியாச்சு, துப்பாக்கி லைசென்ஸில் இன்னும் பழைய முகவரி: என்ன செய்வது?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் எட்டு வருடம் இருந்துவிட்டு, வேலை மாறியதால் குடும்பத்தோடு டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கிரீன் கார்டு இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸ் முகவரியை வந்த இரண்டாம் வாரமே ஆன்லைனில் மாற்றிவிட்டேன். கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான எல்.டி.சி. லைசென்ஸிலும் அது தானாக மாறிவிடும் என்று நினைத்தேன். மாறவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. முப்பது நாள் கெடுவும் தாண்டிவிட்டது. "டெக்சஸில் இப்போது லைசென்ஸே தேவையில்லை, அந்த அட்டையைத் தூக்கிப் போடு" என்கிறார் நண்பர். ஒரு வெப்சைட், 89 டாலர் கட்டினால் தாமதத்தையும் சேர்த்துச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். ஒரு வாரம் பிந்தியதற்காக யார் வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூங்கப் போவதற்குள் முடிந்துவிடும் வேலை இது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். டெக்சஸ் அரசுச் சட்டத் தொகுப்பில் 411.181 என்ற பிரிவு இருக்கிறது. எல்.டி.சி. வைத்திருப்பவர் வீடு மாறினால் 30 நாளுக்குள் டி.பி.எஸ். எனப்படும் பொதுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், 411.187 பிரிவின்படி லைசென்ஸை 30 நாளுக்கு நிறுத்திவைக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. முகவரி பழையது என்பதற்காக அட்டை தானாகச் செத்துப் போகாது. நிறுத்திவைத்து உத்தரவு வந்தால்தான் சிக்கல். அது வருவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

டிரைவிங் லைசென்ஸில் மாற்றினால் இதிலும் மாறிவிடும் என்று நினைத்தது உங்கள் தவறே இல்லை. இரண்டையும் கொடுப்பது ஒரே டி.பி.எஸ். தான். இரண்டுக்கும் 30 நாள்தான் கெடு. அதே பெயர், அதே பிறந்த தேதி. ஆனாலும் ஒரு பிரிவுக்குச் சொன்னது அடுத்த பிரிவின் காதில் விழாது. சனிக்கிழமை நடத்தும் எல்.டி.சி. வகுப்புகளில் நான் பாடமாகச் சொல்கிறேன், தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், வீடு மாறியதும் மறந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? மக்களுக்கு 30 நாள் கெடு விதிக்கத் தெரிந்த துறைக்கு, தன்னுடைய இரண்டு பிரிவுகளைப் பேசவைக்கத் தெரியவில்லை.

சரி, செய்ய வேண்டியது. டி.பி.எஸ்ஸின் தளத்துக்கு நேராகப் போங்கள். முகவரியின் கடைசியில் 'டெக்சஸ் டாட் கவ்' என்று இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அங்கே டிரைவிங் லைசென்ஸ் பகுதிக்குள் நுழையாமல், எல்.டி.சி. பகுதிக்குள் போய் முகவரி மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புது முகவரி போட்ட அட்டைக்குக் கட்டணம் ஏதும் இருந்தால் அங்கேயே தெரியும். குடியேறிய தேதி கேட்டால் உண்மையான தேதியைப் போடுங்கள். "போன வாரம்தான் வந்தேன்" என்று போட்டால் கெடுவுக்குள் வந்துவிடலாமே என்று தோன்றும். தோன்ற விடாதீர்கள். தாமதம் சின்ன விஷயம், அரசுப் பதிவில் பொய் எழுதுவது தனிக் குற்றம். முடிந்ததும் வருகிற ரசீதை அச்சிட்டு, புது அட்டை வரும்வரை பர்ஸில் வைத்திருங்கள். வழியில் போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்டால், கைத்துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது டிரைவிங் லைசென்ஸ், எல்.டி.சி. இரண்டையுமே காட்ட வேண்டும். ஒன்றில் ஃபிரிஸ்கோ, ஒன்றில் கேட்டி என்றால் அவர் கேள்வி கேட்பது நியாயம்தானே. அந்த ரசீதுதான் அப்போது பதில்.

இனி அந்த 89 டாலர் வெப்சைட். தயவுசெய்து கட்டாதீர்கள். இவர்கள் செய்வது என்ன தெரியுமா? நீங்கள் கொடுக்கிற விவரத்தை அப்படியே எடுத்து அரசுத் தளத்தில் தட்டச்சு செய்வது. சில இடங்களில் அதுகூட இல்லை. இலவசமாகக் கிடைக்கிற விளக்கத்தை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிட்டு, "நீங்களே பூர்த்தி செய்து அனுப்புங்கள்" என்று கைகழுவிவிடுவார்கள். நட்சத்திரம், கழுகு, கொடி எல்லாம் போட்டு அரசுத் தளம் மாதிரியே இருக்கும். பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "நாங்கள் அரசு அமைப்பு அல்ல" என்று இருக்கும். கூகுளில் தேடினால் விளம்பரமாக முதலில் வந்து நிற்பது இவர்கள்தான். தாமதத்தைச் "சரிசெய்ய" இவர்களிடம் எந்த மந்திரமும் கிடையாது. போன தேதியை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பணம் போவது ஒருபுறம், நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பவர், வீடு இன்ன இடம் என்ற தகவலையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்திருப்பீர்கள். எனக்கு 89 டாலரைவிட அதுதான் உறுத்துகிறது.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், தடை ஏதும் இல்லாத 21 வயது நிறைந்தவர் லைசென்ஸ் இல்லாமலேயே பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அது மாநிலச் சட்டம். நாடு முழுவதற்கும் பொருந்தும் ஃபெடரல் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது 1990இல் வந்த ஃபெடரல் சட்டம். சான் அன்டோனியோவில் ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவன் துப்பாக்கியோடு பிடிபட்ட வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. லோபஸ் வழக்கு என்பார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வாசகத்தைத் திருத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் அமலில் இருக்கிறது. 1,000 அடி என்பது சுமார் 300 மீட்டர். உங்கள் ஃபிரிஸ்கோவில் குடியிருப்புக்கு ஒரு பள்ளிக்கூடம். பால் வாங்கப் போனால்கூட ஒரு பள்ளி வட்டத்துக்குள் நுழைந்து வெளியேறுவீர்கள்.

அந்தச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. உங்கள் சொந்த வீடு அந்த வட்டத்துக்குள் இருந்தால் வீட்டுக்குள் வைத்திருக்கலாம். குண்டு இல்லாமல், பூட்டிய பெட்டியில் எடுத்துப் போகலாம். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது: அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே, ஆளைச் சோதித்துப் பார்த்துக் கொடுத்த லைசென்ஸ் வைத்திருப்பவர். உங்கள் எல்.டி.சி. அப்படிப்பட்டது. உங்கள் நண்பரிடம் அது இல்லை. "லைசென்ஸ் தேவையில்லை" என்று மாநிலம் சொன்னது லைசென்ஸ் கொடுத்ததாக ஆகாது. ஆகவே காரில் குண்டு போட்ட துப்பாக்கியோடு பள்ளி ஓரமாகப் போகும்போது, எழுத்துப்படி பார்த்தால் அவர் ஃபெடரல் சட்டத்தை மீறுகிறார், நீங்கள் மீறவில்லை. போகிற வருகிற எல்லாரையும் இதற்காகப் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். வேறு ஏதாவது வழக்கில் மாட்டினால் இதையும் சேர்த்துக் கட்டுவார்கள். கிரீன் கார்டில் இருப்பவருக்கு அந்தச் சேர்க்கை மிகவும் கசக்கும்.

இதே விலக்கை இன்னொரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். 'அந்த மாநிலமே கொடுத்த' லைசென்ஸ் என்பதுதான் வாசகம். விடுமுறைக்கு நியூ மெக்சிகோ போகிறீர்கள், அவர்கள் டெக்சஸ் லைசென்ஸை மதிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பள்ளி வட்டத்துக்குள் உங்கள் டெக்சஸ் அட்டை இந்த ஃபெடரல் விலக்கைத் தராது. குண்டை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா பக்கம் என்றால் பேச்சே வேண்டாம், வெளி மாநில அட்டைக்கு அங்கே மதிப்பில்லை. அப்புறம், எல்.டி.சி. இருப்பதால் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே எடுத்துப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வட்டத்துக்குள் சாலையில் போவது வேறு, கட்டடத்துக்குள் போவது வேறு. பின்னது டெக்சஸிலேயே குற்றம்.

இப்போது முகவரி ஏன் முக்கியம் என்று புரிந்திருக்கும். முகவரி சொல்லாததற்காக லைசென்ஸை 30 நாள் நிறுத்திவைத்தால், அந்த 30 நாளும் பள்ளி வட்டத்தில் உங்களுக்குக் குடை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். டிரைவிங் லைசென்ஸ் முகவரியை ஆன்லைனில் மாற்றியபோது, வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்குமே, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? 2020இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு டெக்சஸில் அந்த வசதி ஆன்லைனிலேயே வந்துவிட்டது. குடிமக்களுக்கு நல்ல வசதிதான். கிரீன் கார்டில் இருப்பவர் அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிட்டு, குடிமகன் என்ற கட்டத்தையும் தட்டிவிட்டால், அது துப்பாக்கி லைசென்ஸைவிடப் பத்து மடங்கு பெரிய வினை. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் நாடுகடத்தல் வரை போகும், குடியுரிமை விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தத் தலைவலி வரலாம். "இல்லை" என்று அழுத்தியது நன்றாக நினைவிருந்தால் நிம்மதி. சந்தேகம் இருந்தால், எல்.டி.சி.யை நாளைக்கு வைத்துக்கொண்டு, முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். வக்கீல் என்றால் வக்கீல்தான். வரிக் கணக்கும் போட்டு, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் "இமிக்ரேஷன் உதவி" என்று போர்டு மாட்டியிருப்பவர் வக்கீல் அல்ல.

புதுத் துப்பாக்கி வாங்கும் எண்ணம் இருந்தால் அட்டைகள் வரும்வரை காத்திருங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இப்போது குடியிருக்கும் முகவரியைத்தான் எழுத வேண்டும். காட்டுகிற அரசு அடையாள அட்டையும் அதோடு ஒத்துப்போக வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், புது முகவரி போட்ட கார் பதிவுச் சான்று போன்ற அரசு ஆவணத்தைச் சேர்த்துக் காட்டலாம். அவசரத்துக்குப் பழைய முகவரியை எழுதிவிடலாம் என்று கடைக்காரரே சொன்னாலும் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்களா? பார்வையாளர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே ஃபெடரல் குற்றம். எச்1பி காரர்களுக்கும் இதே கதைதான். வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்குகள் உண்டு, அதற்குள் இப்போது போகவில்லை. "ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டுமே" என்று ரேஞ்சுக்கு அழைத்துப் போய் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. புது வீட்டில் பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கலாம். துப்பாக்கிப் பெட்டியை மட்டும் முதலில் பிரித்து, பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 17 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அது உங்கள் விருப்பம் அல்ல, டெக்சஸ் சட்டம்.

கடைசியாக, குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் சொன்னீர்களா? ஏஆர்-11 என்ற படிவம். அதற்குக் கெடு 30 நாள் இல்லை, 10 நாள். அதுவும் உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆன்லைனில் இலவசமாகவே போடலாம், அதற்கும் ஒருவரிடம் போய்ப் பணம் கட்டாதீர்கள். இன்றைக்கே போடுங்கள். கிரீன் கார்டு வைத்திருக்கும் மனைவிக்கு ஒன்று, அப்படி வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று, தனித்தனியாக.