டூயியை எந்தப் பக்கம் வைப்பது?

கோத்தகிரியில் பி.எட். பயிலும் தாங்கள், அமெரிக்கக் கல்வித் தத்துவவாதி ஜான் டூயியைப் பின்நவீனத்துவவாதி என்று ஒப்படைப்பில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம். 1916இல் வெளிவந்த ‘ஜனநாயகமும் கல்வியும்’ நூலில் அவர் மாணவரின் அனுபவத்தை முன்னிறுத்தினாலும், அறிவியல் முறையிலும் சமூக முன்னேற்றத்திலும் அவர் கொண்ட நம்பிக்கை நவீனத்துவத்துக்கே உரியது. எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் அத்தகைய பெருங்கதையாடல்களைத்தான் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979இல் ஐயுற்றார்; அந்த ஐயத்தையே அவர் பின்நவீனத்துவம் என்றார்.

இவ்விரு நோக்குகளின் வேறுபாட்டைக் காட்டும் எடுத்துக்காட்டுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நீலகிரிப் புல்வெளிகளைத் ‘தரிசு’ எனக் கருதிய ஆங்கிலேய ஆட்சி, அங்கே கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) நட்டது. நவீன நோக்குடைய ஆசிரியர் சூழலியல் சான்றுகளைக் கொண்டு அந்தப் பிழையைத் திருத்துவார். பின்நவீன நோக்குடையவரோ, ‘தரிசு’ என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்டு, தோடர்களின் அறிவையும் பாடமாக்குவார். (அவர் வகுப்பில் மதிப்பெண் இடுவது எப்படி என்பதற்கு எனக்கு இன்னும் நிறைவான விடை கிடைக்கவில்லை.)