லிங்க் வாய் திறக்கலாமா?

அன்புள்ள அக்கா,

நீங்களும் ஸெல்டா வீடியோ கேம் விளையாடுபவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. நான் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருக்கிறேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிந்த கையோடு, தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து சிம் லிம் ஸ்குவேரில் ஸ்விட்ச் கேம் கருவி வாங்கியவன்.

2027-ல் ஸெல்டா படம் வருகிறது. அந்த கேமை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே தயாரிப்பாளர்களில் ஒருவர் என்பது தைரியம் தருகிறது. ஆனாலும் பயம் போகவில்லை. வார்கிராஃப்ட் கேமை வைத்து எடுத்த படத்தைப் பார்த்து நொந்துபோனவன் நான். கேமில் இருப்பதை மாற்றாமல் எடுப்பார்களா? ஒரு வார்த்தை பேசாத நாயகன் லிங்க்கைப் பேச வைத்துவிடுவார்களா? எங்கள் நண்பர்கள் குழுவில் நடிகர்களின் முகத்தை வைத்தே கேலி தொடங்கிவிட்டது. எல்டன் ரிங் கேமும் படமாகிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

இன்னொன்று. படத்துக்கு அம்மாவை அழைத்துப் போக நினைக்கிறேன். ஓ லெவல் வருடம் முழுக்க ஸ்விட்சை அலமாரியில் வைத்துப் பூட்டியவர் அவர். படத்தைப் பார்த்தாலாவது நான் எதில் இத்தனை நேரம் கிடந்தேன் என்று அவருக்குப் புரியும் என்று ஒரு நப்பாசை. நடக்குமா?

ச.,
ஈசூன்

அன்புள்ள ச.,

மியாமோட்டோ இருக்கிறார் என்ற தைரியத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2001-ல் ஃபைனல் ஃபேண்டஸி பெயரில் ஒரு படம் வந்தது. இயக்கியவர் அந்த கேம் தொடரையே தொடங்கிவைத்த ஹிரோனோபு சகாகுச்சி. நாயகியின் தலைமுடியை இழை இழையாகக் கணினியில் அசைத்துக் காட்டினார்கள். 13.7 கோடி டாலர் செலவாகி, எட்டரைக் கோடிதான் திரும்பி வந்தது. படமெடுத்த ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். கதை நடந்தது 2065-ம் ஆண்டுப் பூமியில். வாளும் மந்திரமும் தேடிப் போனவர்கள் விஞ்ஞானிகளையும் சிப்பாய்களையும் பார்த்துவிட்டு வந்தார்கள். 2023-ல் வந்த மரியோ படத்தின் தயாரிப்பிலும் மியாமோட்டோ இருந்தார், அது 130 கோடி டாலரைத் தாண்டியது, உண்மைதான். ஆனால் மரியோவுக்குத் துள்ளலும் நிறமும் போதும். ஸெல்டாவுக்கு அது போதாது.

2022-ல் பொன்னியின் செல்வன் திரைக்கு வந்தபோது இங்கே நம் வீடுகளில் நடந்த சண்டைகள் உங்களுக்கு நினைவிருக்கும். என் பெரியம்மாவுக்கு, கல்கி பத்திரிகையில் மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் வந்தியத்தேவன். இன்றுவரை அவர் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அவரும், அவரோடு சண்டை போட்ட என் மாமாவும் படித்தது ஒரே வரிகளை. வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகிறவனிடமிருந்துதான் இருவருக்கும் கதை தொடங்குகிறது.

கேமில் அப்படி இல்லையே. ஸெல்டா தொடரின் பிரெத் ஆஃப் த வைல்டில், லிங்க்காக நூறு வருடத் தூக்கத்திலிருந்து எழுந்து, குகையை விட்டு வெளியே வந்து, மேட்டின் விளிம்பில் நிற்கிறோம். ஹைரூல் நாடு முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது. அந்தப் பீடபூமியை விட்டு இறங்கியதும் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் மழையில் பாறை ஏறப் போய் வழுக்கி வழுக்கி விழுந்து, கடைசியில் ஓர் இடுக்கில் நெருப்பு மூட்டி மழை நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். என் தங்கை மகள் குதிரை பிடிப்பதிலும் காளான் சமைப்பதிலும் ஒரு பள்ளி விடுமுறையையே கழித்தாள். வில்லன் கேனன் இருக்கும் கோட்டைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நீங்கள் நேராகக் கோட்டைக்கே போயிருக்கலாம், அதற்கும் வழி உண்டு. நம் மூவரில் யாருடைய ஹைரூலை இயக்குநர் வெஸ் பால் மாற்றாமல் எடுப்பது?

அதனால் கேமில் இருப்பதை அப்படியே எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாம் கையால் செய்ததை இன்னொருவன் செய்யும்போது இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்ப்பதில் என்ன இருக்கிறது? கேம் நம்மைப் போகவிடாத இடங்கள் உண்டு. படம் அங்கே போக வேண்டும். என் ஆசை முழுக்க அதுதான்.

லிங்க் தூங்கிய நூறு வருடமும் இளவரசி ஸெல்டா அந்தக் கோட்டைக்குள் கேனனைத் தன்னந்தனியாகத் தடுத்து வைத்திருந்தாள். அதில் ஒரு நாளைக்கூட நாம் அவளாக இருந்து விளையாட முடியாது. குரல் மட்டும் கேட்கும். அதற்கு முந்தைய வருடங்களும் லிங்க்குக்குத் திரும்பி வரும் நினைவுகளாகத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பழைய இயந்திரங்களை ஆராய்வதில் அவளுக்கு அப்படி ஓர் ஆர்வம். அப்பா, அரசன், அதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பிரார்த்தனையில் உட்கார் என்று திட்டுகிறார். எவ்வளவு உட்கார்ந்தும், கேனனை அடக்க வரவேண்டிய சக்தி வரவில்லை. ஊர் முழுக்க அதையே பேசுகிறது. தேர்வு முடிவு வரும் நாளில் இந்த முகத்தைச் சிங்கப்பூரில் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! இதைத் திரையில் நிதானமாகக் காட்டினால் போதும், வாளின் கைப்பிடி என்ன நிறம் என்று நான் கேட்கவே மாட்டேன்.

ஆர்கேன் அனிமேஷன் தொடர் இதைத்தான் செய்தது. அதன் மூலமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமில் வையும் ஜின்க்ஸும் சண்டைக்காரிகள். கொஞ்சம் முன்கதையும் சண்டைக்கு நடுவே கத்தும் வசனங்களும்தான் அவர்களுக்கு. 2021-ல் வந்த தொடர் அந்த அக்காவும் தங்கையும் எப்படிப் பிரிந்தார்கள் என்று சொன்னது. அந்த கேமைத் தொட்டே பார்க்காத என் தோழி அதைப் பார்த்து அழுதாள். அனிமேஷனுக்கான எம்மி விருதும் கிடைத்தது.

வார்கிராஃப்ட் எனக்குப் பாதி பிடிக்கும். கூடாரத்துக்குள் கர்ப்பிணி மனைவியோடு பேசிக்கொண்டிருக்கும் டியூரோடான் என்ற ஓர்க் அரக்க இனத் தலைவனை மறக்க முடியவில்லை. மனிதர்கள் பக்கம் வந்ததும்தான் ஊர்களும் பட்டங்களும் மந்திரவாதிகளும் வரிசையாக வந்து, தெரிந்தவர்களுக்கு அடையாள அட்டை காட்டிவிட்டுப் போவதுபோல் போகிறார்கள். வசூல் 40 கோடி டாலருக்கு மேல், அதில் ஏறத்தாழப் பாதி சீனாவில். இரண்டாம் பாகம் வரவில்லை. இயக்குநர் டங்கன் ஜோன்ஸ் அந்த கேமை நேசித்து விளையாடியவர். நேசித்ததால்தான் எதையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதே 2016-ல் அசாசின்ஸ் கிரீட் படமும் வந்தது. அந்த கேம் தொடரின் கடற்போர்களில், அதைத் தயாரிக்கும் யூபிசாஃப்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்குப் பெரிய பங்குண்டு என்பதால் ஆசையோடு போனேன். பழைய ஸ்பெயினின் கூரைகளில் ஓட வேண்டியவனைப் பாதிப் படத்துக்கு மேல் ஓர் ஆய்வுக்கூடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள்.

சரி, லிங்க். பேசட்டும். குறைவாகப் பேசட்டும். கோட்டையில் கிடைக்கும் ஸெல்டாவின் நாட்குறிப்பைப் படித்தீர்களா? ஏன் பேசுவதில்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். எல்லார் கண்ணும் தன்மேல் இருப்பதால் சுமையை வெளியே காட்டாமல் தாங்க வேண்டியிருக்கிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். ஆக அவனுக்குப் பேச வரும், அவளிடம் பேசியும் இருக்கிறான். படத்தில் ஊரார் முன்னால் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, அவளிடம் மட்டும் அந்த ஒன்றைச் சொன்னானென்றால் அந்த இடத்தில் நான் அழுதுவிடுவேன்.

எல்டன் ரிங் பற்றி எனக்குப் பயம் குறைவு. அலெக்ஸ் கார்லண்ட் எழுதி இயக்குகிறார். 2018-ல் வந்த அனைஹிலேஷன் படத்துக்கு, மூல நாவலை மறுபடி புரட்டாமல், படித்த நினைவிலிருந்தே திரைக்கதை எழுதியவர். எல்டன் ரிங்குக்கு அந்த முறைதான் பொருந்தும். வாளின் குறிப்பிலும் தாயத்தின் குறிப்பிலும் கதையைத் துண்டு துண்டாக ஒளித்து வைத்திருக்கும் கேம் அது. அதில் ஆளுக்கொரு நினைவுதான் இருக்கிறது.

உங்கள் நண்பர்கள் குழுவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸெல்டாவாக நடிக்கும் போ பிராகசனும் லிங்க்காக நடிக்கும் பெஞ்சமின் எவன் ஐன்ஸ்வொர்த்தும் இளையவர்கள். ஐன்ஸ்வொர்த் பெயரை அறிவித்தபோது அவர் பதின்ம வயதுப் பையன். ஒரு பிள்ளையின் மூக்கையும் தாடையையும் பெரிதாக்கிப் படம் போட்டுச் சிரிப்பதை விமர்சனம் என்று என்னால் ஏற்க முடியாது. 2019-ல் சோனிக் டிரெய்லருக்கு ரசிகர்கள் போட்ட கூச்சலில் உருவத்தையே மாற்றினார்கள், படமும் தள்ளிப்போய் 2020-ல் வந்தது. அது கணினியில் வரைந்த முள்ளெலி. இவர்கள் மனிதர்கள், இந்தக் கேலியைப் படிப்பவர்கள். படம் வந்த பிறகு நடிப்பு சரியில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். இப்போது நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அந்தப் பத்திதான். நீங்கள் விழுந்து எழுந்து மறுபடி முயன்ற நேரம் எந்தப் படத்திலும் இருக்காது. அதைப் படம் பார்த்து அவர் புரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் ஸெல்டாவின் அப்பாவை அவருக்குப் புரியும். அரசன் கெட்டவன் இல்லை. நாடு அழிந்துவிடுமோ என்ற பயத்தில் மகளுக்குப் பிடித்ததைப் பிடுங்கி வைத்தவன். அவனுடைய நாட்குறிப்பும் கோட்டையில் இருக்கிறது. இந்த முறையும் சக்தி வராவிட்டால் அவளைத் திட்டப்போவதில்லை, ஆராய்ச்சியையே செய்யச் சொல்லப்போகிறேன் என்று கடைசியில் எழுதியிருப்பான். அவள் திரும்பி வருவதற்குள் கேனன் எழுந்துவிடுவான்.

இதற்கு 2027 வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஸ்விட்ச் இன்னும் வேலை செய்கிறது அல்லவா? கோட்டைக்குப் போய் அந்த நாட்குறிப்பைத் திறந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள். அப்புறம் டிக்கெட் எடுக்கலாம்.

அன்புடன்,
அக்கா