ஷீல்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம், நான் குடியாத்தத்துல இருந்து எழுதறேன். எங்க மாமா கைத்தறியில லுங்கி நெய்யறவரு, அவரை வச்சே 30 நிமிஷப் படம் ஒண்ணு போன்லயே எடுத்துட்டேன், எல்லாம் சேர்ந்து 38,000 ரூபா ஆச்சு. ஆன்லைன்ல ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பினேன், 'சிறந்த இயக்குநர்'னு மெயில் வந்துச்சு, ஆனா ஷீல்டும் சர்ட்டிபிகேட்டும் வேணும்னா 6,500 கட்டணுமாம். வீட்ல வேலை வெட்டி இல்லாம சுத்திக்கினு கீறான்னுதான் பேசறாங்க. அதை வாங்கி ஷோகேஸ்ல வச்சா நானும் ஒரு கலைஞன்னு ஒத்துக்குவாங்களா? படத்தோட லிங்க் அனுப்பியிருக்கேன்.

பதில்: கட்டாதீங்க தம்பி. படத்தை அனுப்பும்போது நுழைவுக் கட்டணம் வாங்கறது நல்ல விழாக்கள்லயும் உண்டு, அது வேற, ஜெயிச்சப்பறம் ஷீல்டுக்குக் காசு கேட்டா அது வியாபாரம். அவங்க எந்த ஊர்ல எந்த ஹால்ல படம் போட்டாங்க, யாரு ஜூரி, போன வருஷம் ஜெயிச்ச படத்தை யாராச்சும் பார்த்தாங்களான்னு தேடிப் பாருங்க, ஒண்ணும் கிடைக்கலன்னா விட்டுடுங்க.

உங்க படத்தை ரெண்டு தடவை பார்த்தேன். மாமா பாவுல, அதான் தறியில நீளவாக்குல ஓடற நூல்ல, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கினே பொண்ணு படிப்பைப் பத்திப் பேசற இடம் இருக்கே, அந்தக் கையை நான் மறக்க மாட்டேன். ஆனா அவரு இன்னா பேசறாருன்னு பாதி கேக்கவே இல்ல, தறிச் சத்தம் எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. அந்த 6,500ஐ சட்டையில மாட்டற மைக்குக்கும் ஒரு நாள் ரீஷூட்டுக்கும் செலவு பண்ணுங்க. தறியை நிறுத்திட்டு மாமாவைப் பேசச் சொல்லி எடுங்க, அப்பால தறி ஓடற சத்தத்தை மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் தனியா ரெக்கார்ட் பண்ணி எடிட்டிங்ல பேச்சுக்கு அடியில மெதுவா வைங்க. யாரும் பேசாம, தறியும் ஓடாம இருக்கற அந்த அறையோட சத்தத்தையும் ஒரு நிமிஷம் எடுத்து வைங்க, வெட்டு தெரியாம ஒட்டறதுக்கு அதுதான் கைகொடுக்கும். படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் ஜனங்க பொறுத்துப் பார்ப்பாங்க, பேச்சு புரியலன்னா எழுந்து போயிடுவாங்க. பின்னணியில வச்சிருக்கற பழைய சினிமா பாட்டையும் எடுத்துடுங்க, உரிமை வாங்காம அது இருந்தா நல்ல விழா எதுலயும் சேர்க்க மாட்டாங்க.

காசு இல்லங்கறதுக்காக மனசு ஒடஞ்சு போகாதீங்க. பி.எஸ்.வினோத்ராஜோட 'கூழாங்கல்'ல ஸ்டார்னு யாரும் கிடையாது, மதுரைப் பக்கத்து வெயில்ல அப்பனும் புள்ளையும் நடக்கறதுதான் படம், அது 2021ல நெதர்லாந்துல நடக்கற ரோட்டர்டாம் திரைப்பட விழாவோட பெரிய விருதான டைகர் விருதை வாங்குச்சு. 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம், 1986ல வந்த 'அம்ம அறியான்' படத்தை எடுக்கறதுக்கு கூட்டாளிங்களோட ஊர் ஊரா போய் படம் போட்டுக் காட்டி ஜனங்ககிட்டயே பணம் திரட்டினாரு.

கலைஞன்னு ஒத்துக்கறதுன்னா இன்னான்னு நம்ம வட ஆற்காட்டுக் கூத்தைப் பார்த்தாலே தெரியும். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுல விடிய விடிய பாரதக் கூத்து ஆடறவருக்கு யாரும் சர்ட்டிபிகேட் தர்றதில்ல, அடுத்த வருஷமும் அதே ஊர்க்காரங்க வெத்தலைபாக்கோட வந்து கூப்பிடறாங்களே அதுதான் அவருக்கு மரியாதை. வீட்ல சொல்றது வலிக்கும், தெரியும், ஆனா அவங்க உங்க படத்தை இன்னும் பார்க்கவே இல்லன்னு நீங்களே மெயில்ல இன்னொரு இடத்துல எழுதியிருக்கீங்க.

அதனால சவுண்டைச் சரி பண்ணிட்டு, தறி நின்ன ஒரு ராத்திரி மாமா தெருவுலயே வெள்ளை வேட்டியைத் திரையா கட்டி, வாடகைக்கு புரொஜெக்டர் எடுத்து போட்டுக் காட்டுங்க, அம்மா அப்பாவை முன்னாடி உட்கார வைங்க. யூடியூப்ல மட்டும் இப்போ போடாதீங்க, ஏற்கெனவே வெளியான படத்தை எடுத்துக்காத விழாக்கள் இருக்கு. திருவனந்தபுரத்துல கேரள சலச்சித்ர அகாடமி நடத்தற ஆவணப்பட, குறும்பட விழாவோட விதிகளைப் படிச்சுப் பார்த்து அனுப்புங்க. டைட்டில்ல மாமா பேரு முதல்ல வரணும், அவரு தறியை நிறுத்தின நாளுக்குக் கூலியும் குடுத்துடுங்க. சரி பண்ணதும் லிங்க் அனுப்புங்க, மூணாவது தடவையும் பார்க்கறேன்.