‘ரேஸ் பூப்ளிக்க’: குடியரசா, பொதுவாழ்வா?

கேள்வி: ரோம வரலாறு படிக்கிறேன். ‘ரேஸ் பூப்ளிக்க’ என்ற லத்தீன் சொல் சில இடங்களில் ‘ரெம் பூப்ளிக்கம்’ என்று வருகிறது. ரோம அரசியல்வாதியும் சிந்தனையாளருமான சிசரோவின் நூல் தலைப்போ ‘தே ரே பூப்ளிக்கா’. எல்லாம் ஒன்றா? ‘குடியரசு’ என்றே மொழிபெயர்க்கலாமா?

பதில்: எல்லாம் ஒன்றுதான், வேற்றுமை மட்டும் மாறுகிறது. ‘ரேஸ்’ பெண்பால் பெயர்ச்சொல், ‘பூப்ளிக்க’ அதன் பெயரடை. தமிழில் ‘பொதுக் காரியத்தை’, ‘பொதுக் காரியத்தில்’ என்னும்போது உருபு பெயரோடு மட்டும் சேரும், ‘பொது’ மாறாது. லத்தீனில் பெயரடையும் கூடவே திரிய வேண்டும். அதனால் இரண்டாம் வேற்றுமையில் ‘ரெம் பூப்ளிக்கம்’. ‘பற்றி’ என்று பொருள்படும் ‘தே’ முன்னால் வந்தால் ‘ரே பூப்ளிக்கா’. எழுவாயில் ஈறு குறில், இங்கே நெடில். லத்தீன் அச்சில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், ஆகவே குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள், குழப்பம் வராது.

பொருளுக்கு வருவோம். ‘ரேஸ்’ கிட்டத்தட்ட நம் ‘பொருள்’ மாதிரியே சொத்தையும் குறிக்கும், விஷயத்தையும் குறிக்கும். ‘பூப்ளிக்க’ என்றால் மக்களுக்குரிய. சிசரோவும் ‘ரேஸ் பூப்ளிக்க என்பது மக்களின் பொருள்’ என்றே வரையறுக்கிறார். அதோடு நிற்கவில்லை: எப்படியோ திரண்ட கூட்டமெல்லாம் மக்கள் ஆகாது, நீதியில் உடன்பாடும் பொதுப் பயனும் பிணைத்த கூட்டமே மக்கள் என்கிறார். எனக்கு இந்த இரண்டாம் பகுதிதான் முக்கியம், வரையறையின் கனமே அதில்தான் இருக்கிறது.

‘குடியரசு’ என்று எல்லா இடத்திலும் போடாதீர்கள். மன்னராட்சிக்கு எதிரான ஆட்சிமுறை என்ற பொருள் இந்தச் சொல்லில் கட்டாயம் இல்லை. அதிகாரம் முழுவதையும் தன் கையில் வைத்திருந்த முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ்கூட, ‘ரெம் பூப்ளிக்கம்’ என்பதைச் செனட்டிடமும் ரோம மக்களிடமும் ஒப்படைத்ததாகத் தன் கல்வெட்டில் பெருமையாகச் சொல்கிறார். அவர் குறிப்பிடுவது கி.மு. 28-27ஆம் ஆண்டுகளை. அங்கே ‘அரசு’, ‘பொது அதிகாரம்’ என்பவை பொருந்தும்.

காலகட்டத்தைச் சொல்லும்போது ‘ரோமக் குடியரசு’ சரி. மற்ற இடங்களில் கூட வரும் வினையைப் பாருங்கள். ‘அத் ரெம் பூப்ளிக்கம் அக்கேதெரெ’ என்றால் பொதுவாழ்வில் இறங்குவது. ‘ரெம் பூப்ளிக்கம் கெரெரெ’ என்றால் அரசுக் காரியங்களை நடத்துவது. வினை இல்லாமல் ‘ஏ ரே பூப்ளிக்கா’ என்று மட்டும் வந்தால், ‘பொதுநலனுக்கு உகந்தபடி’ என்று எழுதுங்கள்.