தொழிற்சாலையில் காற்றுக் கசிவு கரண்ட் பில்லை ஏற்றுமா?

ஏற்றும், நன்றாகவே ஏற்றும். பினாங்கின் பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு அந்த ‘உஸ்ஸ்’ சத்தம் பழகியிருக்கும். கம்ப்ரசர் மின்சாரத்தால் காற்றை அமுக்கி, பைப் வழியாக இயந்திரங்களுக்கு அனுப்புகிறது. அதுதான் அழுத்தக் காற்று. பைப் மூட்டிலோ ரப்பர் குழாயிலோ அது வெளியேறும் சத்தம்தான் இது.

காற்று இனாம்தானே? சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கினால் காற்று சூடாகும். கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இப்படி வெப்பமாகவே போய்விடுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கடைசியில் உருப்படியான வேலையாகிறது. அந்தக் கொஞ்சத்தையும் ஓட்டையில் விட்டால்? 7 பார் (‘பார்’ என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே சுமார் 4 கிலோவாட்டைத் தின்னும். வீட்டில் நான்கைந்து சின்ன ஏர்கான்களை ஓயாமல் ஓடவிட்ட மாதிரி.

உற்பத்தி நின்ற ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசரை மட்டும் போட்டுவிட்டுக் கவனியுங்கள். யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது அடிக்கடி சுமையேறி, அதாவது காற்றை அமுக்கி ஓடினால், மேல்தொட்டிக் குழாய் ஒழுகும் வீட்டில் மோட்டார் ஓடுகிற கதைதான். சந்தேகமான மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், நுரை கொப்பளிக்கும். பெரும்பாலும் ஒரு வாஷரோ கிளிப்போ மாற்றினால் போதும்.

அப்புறம், காற்று போதவில்லை என்றதும் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டினால் அதே ஓட்டையில் இன்னும் அதிகம் போகும், 1 பாருக்குச் சுமார் 7 சதவீதம் மின்சாரமும் கூடும்.